சீனன்குடாவின் சீனன்

கோணேசர் ஆலயம் இடிபட்டதையும், அதன் கற்களைக் கொண்டு போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா சுவாமிமலையில் எழுப்பிய கோட்டையின் வரலாற்றையும், அக்கோட்டையின் பொருட்டு ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் ஒருவரையொருவர் மாறிமாறித் துரத்திய விதத்தையும் சென்ற அத்தியாயங்களிற் கண்டோம். இதுவரை நம் சரித்திரம் பெரும்பாலும் கிழக்குப் பக்கத்திலேயே, அலை மோதும் பாறைகளின் மேலும் பீரங்கி வரிசைகளுக்குப் பின்னாலும் நடந்தது. இனி உள்துறைமுகத்தின் அமைதியான நீரைக் கடந்து மேற்குக் கரைக்குச் செல்லவேண்டும். கொட்டியாரக் குடாவின் வடமேற்கு மூலையிலே, குன்றுகளும் முனைகளும் சூழ்ந்து நின்று கடற்காற்றை மறித்துக் காக்கின்ற அந்த நீர்ப்பரப்பின் மறுகரையில், தம்பலகாமக் குடாவுக்கு அணித்தாக, சீனன்குடா என்று தமிழரும் சீனவராய என்று சிங்களவரும் சைனா பே என்று ஆங்கிலேயரும் வழங்கும் இடம் இருக்கிறது. பெயர் மூன்று மொழியிலும் ஒரே பொருளையே தருவதால் ஐயத்துக்கு இடமில்லை என்று வழிப்போக்கர் நினைக்கலாம். ஆனால் மூன்றில் எது மூலம், எது மொழிபெயர்ப்பு என்று கேட்கத் தொடங்கிய கணமே வழக்கும் தொடங்கிவிடுகிறது.

திருகோணமலைத் துறைமுகத்தின் பெயர்கள் இரண்டு குலத்தைச் சேர்ந்தவை. ஒருகுலம் கரையில் வாழ்ந்தவர் இட்டது: வெள்ளைமணல், நாச்சிக்குடா, கப்பல்துறை, பாலையூற்று என்று, கண்ணால் கண்டதையோ காலால் மிதித்ததையோ சொல்லி நிற்கும் பெயர்கள். மற்றொரு குலம் கப்பலின் மேற்தட்டிலிருந்து கரையை நோக்கியவர் தம் கடற்படத்தில் எழுதிவைத்தது: ஒல்லாந்தர் குடா, மலாயர் குடா, நிக்கல்சன் குடா, கிளப்பன்பேர்க் என்பன போன்றவை. இவற்றுள் சில மக்கள் வாயில் நுழைந்து தமிழாகிவிட்டன. சில படத்தோடு நின்றுவிட்டன. கொட்பே என்பது ஒரு வேடிக்கையான உதாரணம். கொட் என்னும் மீன் ஐரோப்பாவின் வடகடலிலும் அதற்கு அப்பாலுள்ள குளிர்நீரிலும் வாழ்வது. திருகோணமலையின் வெதுவெதுப்பான நீரில் அது ஒருநாளும் வலையில் விழுந்ததில்லை. ஆயினும் இன்று அங்கே மீன்பிடித் துறைமுகமே அமைந்து, சூரை மீனும் பாரை மீனும் இறங்கும் அந்தத் துறையைக் கரைவலைக்காரனும் ஐஸ் வண்டிக்காரனும் கொட்பே என்றே கூசாமல் சொல்கின்றனர். பெயர் ஒன்று நிலைபெறுவதற்கு உண்மை அவசியமில்லை, உபயோகம் இருந்தாற் போதும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுவதில்லை.

சீனன்குடா இவ்விரு குலத்தில் எதைச் சேர்ந்தது என்பதே நம் முன்னுள்ள பிரச்சினை. இது பற்றி வழங்கும் அபிப்பிராயங்களுள் தமிழருக்கு மிகவும் பிரியமானது, அதன் ஆதிப்பெயர் சின்னக்குடா என்பதாகும். கொட்டியாரத்தின் பெருங்குடாவோடு ஒப்பிட்டு உள்நாட்டார் இதைச் சின்னக்குடா என்றழைக்க, அதனை ஆங்கிலேயன் தன் எழுத்திற் பதித்தபோது ஓர் ஒற்றெழுத்தைக் கைவிட்டான். பின்வந்த ஆங்கிலேயன் அதைத் தன் மொழி வழக்கப்படி சைனா என்று படித்தான். அப்படிப் படித்ததை உள்ளூர் எழுத்தன் மீண்டும் தமிழாக்கிச் சீனன்குடா என்றெழுதினான் என்பது இக்கட்சியாரின் வாதம். கேட்பதற்கு அழகாக இருக்கிறது. வெள்ளைக்காரனின் நாக்கையும் பேனாவையும் ஒருங்கே பரிகசிக்கிற சுகமும் அதில் உண்டு. மலையாளக் கரையில் கொல்லத்தின் சின்னக்கடையைப் பற்றியும் இதே வழக்கு நெடுங்காலமாக நடந்துவருகிறது: அது சின்னதான கடைவீதியா, சீனர் வைத்திருந்த கடைவீதியா என்று அவ்வூர் அறிஞர் இன்றும் வாதிக்கின்றனர். ஆதலால் திருகோணமலைத் தமிழரின் அனுமானம் தனித்த கற்பனையன்று.

எனினும் இவ்வாதத்துக்கு இடையூறாக நிற்பது ஈழத்துத் தமிழரின் நாக்கே. சொல்லின் முதலில் வரும் சகரத்தைச் சென்னைப் பட்டணத்தான் பல இடங்களில் வல்லோசையாக உச்சரிக்கலாம். யாழ்ப்பாணத்தானும் மட்டக்களப்பானும் திருகோணமலையானும் அதை மென்மையாகவே ஒலிப்பர். சின்னத்தம்பி, சின்னையா என்னும் பெயர்களை இலங்கைக் கச்சேரிப் பதிவேடுகளில் ஆங்கில எழுத்தில் எழுதியவர்கள் எஸ் என்ற எழுத்தோடு தொடங்கியதும் அதனாலேதான். அவ்விதம் எழுதப்பட்ட சொல் எவ்வளவு சிதைந்தாலும் சைனா என்னும் உருவத்தை அடைவது எளிதன்று. இதற்கும் ஒரு மறுமொழி உண்டு. அதை மறைப்பது நியாயமாகாது. 1796 முதல் 1798 வரை இலங்கையின் கரையோரப் பிரதேசங்களைச் சென்னையிலிருந்தே கிழக்கிந்தியக் கம்பெனியார் நிர்வகித்தனர். அப்போது வரி தண்டவும் கணக்கெழுதவும் வந்த துபாஷிகளும் கணக்கர்களும் சோழமண்டலக் கரையைச் சேர்ந்தவர்கள். வந்த சிறிது காலத்துக்குள்ளேயே மக்கள் கலகம் செய்யும்படி அவர்கள் நடந்துகொண்டது சரித்திரப் பிரசித்தம். அவர்களுள் ஒருவன் வாய்மொழியிலிருந்து இந்தப் பெயர் படத்தில் ஏறியதாயின் சகரம் வல்லோசையாகவே எழுதப்பட்டிருக்கக் கூடும். கூடும் என்பதற்கு மேல் இதிற் சொல்ல ஒன்றுமில்லை. சின்னக்குடா என்ற பெயரை ஊரார் உண்மையில் வழங்கியிருந்தால், படத்திலே ஏதோ எழுதியிருக்கிறது என்பதற்காக அதை அடியோடு மறந்திருப்பார்களா என்ற கேள்வி ஒன்று எஞ்சி நிற்கிறது. அதற்கு விடை இவ்வத்தியாயத்தின் பிற்பகுதியில் வேறொரு வழியாக வரும்.

இரண்டாவது அபிப்பிராயம் கம்பீரமானது. கடற்படைகளும் பேரரசர்களும் அதில் வருகின்றனர். மிங் வமிசத்துச் சக்கரவர்த்திகளின் ஆணைப்படி செங் ஹோ என்னும் தளபதி 1405 முதல் 1433 வரை ஏழு முறை பெரும் மரக்கலங்களோடு இந்து சமுத்திரத்துக்கு வந்தான், இலங்கையில் இறங்கினான், அழகக்கோன் என்று நம்மவர் கூறும் அழகேசுவரனோடு போரிட்டு அவனைச் சிறைப்பிடித்துச் சீனத்துக்குக் கொண்டுசென்றான். அந்த மரக்கலங்கள் தங்கிய துறையே சீனன்குடா என்பது இவர்கள் கொள்கை. செங் ஹோ இலங்கைக்கு வந்ததற்குக் கல்லே சாட்சி: 1409 ஆம் ஆண்டுத் தேதியோடு சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளிற் பொறிக்கப்பட்ட சாசனம் 1911 இல் காலி நகரத்தில் கண்டெடுக்கப்பட்டு இன்று கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது. ஒரே கல்லில் சீனப் பகுதி புத்தபெருமானுக்கும், தமிழ்ப் பகுதி தேவுந்துறையில் எழுந்தருளியிருந்த தென்னாவரை நாயனாருக்கும், பாரசீகப் பகுதி இசுலாமிய நெறிக்கும் காணிக்கைகளைக் கூறுவது, அக்காலத்து இராஜதந்திரத்தின் நுட்பத்துக்கு ஓர் அரிய உதாரணம். தமிழறியாத ஒரு சீனச் சக்கரவர்த்தி தமிழ்க் கடவுளுக்குப் பொன்னும் வெள்ளியும் பட்டும் சமர்ப்பித்து அதைத் தமிழிலேயே எழுதிவைக்கச் சொன்னான் என்றால், அக்காலத்துத் தென்னிலங்கைத் துறைகளில் தமிழுக்கு இருந்த ஸ்தானம் எத்தகையது என்பதை நாம் சற்று நின்று எண்ணிப்பார்க்கலாம். ஆனால் அந்தக் கல் தெற்கே காலியில் கிடைத்தது. அது பேசும் கோயில் தெற்கே தேவுந்துறையில் இருந்தது. கோணமலையைப் பற்றியோ கொட்டியாரத்தைப் பற்றியோ அதில் ஒரு சொல்லும் இல்லை.

சீனர் இலங்கைக்கு வந்ததற்குச் செங் ஹோவை மட்டும் நம்பியிருக்கவேண்டியதில்லை. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாஹியான் அநுராதபுரத்தில் தங்கியிருந்தபோது, அபயகிரி விகாரையில் ஒரு வணிகன் காணிக்கையாக வைத்த சீனத்து வெண்பட்டு விசிறியைக் கண்டு தாய்நாட்டை நினைந்து கண்ணீர் விட்டான். மாதோட்டத்தின் மண்ணில் தாங் காலத்து மட்பாண்ட ஓடுகள் கிடைத்திருக்கின்றன. யாழ்ப்பாணத்துக்கு அணித்தான அல்லைப்பிட்டியில் 1977 இல் ஜோன் கார்ஸ்வெல் என்பவர் நடத்திய அகழ்வில் சுங் காலத்துப் பீங்கான் துண்டுகள் ஏராளமாக வெளிப்பட்டன. யாப்பகுவையில் சீன நாணயங்கள் குவியலாக அகப்பட்டன. மாதோட்டமும் அல்லைப்பிட்டியும் மேற்கிலும் வடக்கிலும் உள்ளவை. பாக்கு நீரிணையோடும் மன்னார்க் கடலோடும் சம்பந்தமுள்ளவை. கிழக்குக் கரையிலுள்ள நம் குடாவுக்கு அவை சாட்சியாகா. மேற்கிலே பேருவளையில் இரத்தினக்கல் வியாபாரிகள் கூடுகிற இடத்துக்குச் சீனன்கோட்டை என்று பெயர் வழங்குவதும் இவ்வகையில் நினைக்கத்தக்கது. ஒருமையில் சீனன் என்று சொல்லி இனம் முழுவதையும் குறிப்பது தமிழ் வழக்கு; வெள்ளைக்காரன் காலம், ஒல்லாந்தன் கோட்டை என்று நாம் இன்றும் சொல்வதில் ஒருவனைத் தனித்துச் சுட்டும் நோக்கம் இல்லை. எனவே சீனன்குடாவில் உள்ள னகர ஒற்றைக் காட்டி, அது யாரோ சீனிவாசன் என்பவனின் சுருக்கப்பெயர் என்று வாதிப்பவரின் கட்சி எழுந்த இடத்திலேயே அமர்ந்துவிடுகிறது.

மூன்றாவது அபிப்பிராயத்துக்குப் போகுமுன் ஒரு துயரச் சம்பவத்தைக் கூறவேண்டும். ஒல்லாந்தக் கம்பெனியின் தலைநகரமாகிய பத்தாவியாவில், இன்றைய ஜகார்த்தாவில், கரும்பாலைகளில் வேலை செய்யவந்த சீனர் பெருந்தொகையினர் பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குச் சற்று முன்னர், சர்க்கரையின் விலை வீழ்ந்ததனால், வேலையிழந்து திரிந்தனர். அவர்களைக் கப்பலேற்றி இலங்கைக்கும் நன்னம்பிக்கை முனைக்கும் அனுப்பிவிடலாம் என்று 1740 இல் யோசனை கூறியவர், அதற்குச் சற்று முன்வரை இலங்கையின் ஒல்லாந்த ஆளுநராக இருந்து பத்தாவியாவுக்குச் சென்றிருந்த வான் இம்ஹொவ் என்பவர். இலங்கையில் ஆள் பற்றாக்குறை எவ்வளவு என்பதை நேரில் அறிந்தவர் அவர். அவ்யோசனை சட்டமாயிற்று, பிடித்துச் செல்லப்படும் சீனர் இலங்கையை ஒருபோதும் அடையமாட்டார்கள், ஜாவாவின் கரை கண்ணுக்கு மறைந்ததும் கடலில் எறியப்படுவார்கள் என்ற வதந்தி அதைவிட வேகமாகப் பரவிற்று. சீனர் ஆயுதம் எடுத்தனர். அந்த ஆண்டு அக்டோபர் மாதத்தில் பத்தாவியாவின் மதில்களுக்குள்ளே ஏறக்குறைய 10,000 சீனர் கொன்று குவிக்கப்பட்டனர். இலங்கை என்னும் பெயரே அத்தனை மனிதருக்கு மரணத்தின் மறுபெயராகத் தோன்றிய ஒரு காலம் இருந்தது என்பதை நம் சரித்திர நூல்கள் ஏனோ பிரஸ்தாபிப்பதில்லை.

ஒல்லாந்தக் கம்பெனி தன் கீழைத்தேயக் கைதிகளையும் நாடு கடத்தப்பட்டவரையும் இலங்கைக்கு அனுப்பிக்கொண்டேயிருந்தது. ஜாவாவின் இளவரசர்கள் முதல் சாமானியர் வரை பலர் அவ்வாறு வந்தனர். அவர்களோடு மலாயப் போர்வீரர் திருகோணமலைக் கோட்டையிலும் காவல்புரிந்தனர். பத்தாவியாவிலிருந்து வந்த கப்பலில் சீனர் வந்திருப்பது அவ்விதத்தில் இயல்பே. ஆங்கிலேயர் 1795 ஆம் ஆண்டு ஆகஸ்டில் திருகோணமலையைக் கைப்பற்றிய பிறகு அதே யோசனை வேறு உருவில் எழுந்தது. காவற்படையின் நிலைமை அப்போது மிகவும் பரிதாபகரமானது. பெரிபெரி என்னும் நோய் படைவீரரைக் கூட்டங்கூட்டமாகத் தாக்கிற்று: கால் வீங்கும், மூச்சு முட்டும், நடக்கமுடியாமல் போகும், சில நாளில் மரணம் நேரும். குண்டுபட்டு இறந்தவரைவிட இந்நோயால் இறந்தவர் அதிகம். பச்சைக் காய்கறி கிடைப்பது அரிதாயிருந்த அத்தலத்துக்கு, பினாங்கு முதலிய இடங்களில் தோட்டவேலையில் பேர்பெற்ற சீனக் குடியானவரைத் தருவிப்பதைவிடச் சிறந்த உபாயம் அதிகாரிகளுக்குத் தோன்றவில்லை. அவ்வாறு வந்தவருட் சிலர் திருகோணமலைப் பக்கத்தில் காய்கறி பயிரிட்டு வாழ்ந்தனர். இச்சீனரால் குடாவுக்குப் பெயர் வந்தது என்பதே மூன்றாவது அபிப்பிராயம். அக்காலத்து ஆங்கிலேயனுக்குச் சீனன்மேல் இருந்த நம்பிக்கைக்கு இன்னோர் உதாரணமும் காட்டலாம். 1812 இல் கொழும்பின் அரசாங்கத் தாவரத் தோட்டத்துக்கு மேற்பார்வையாளராக நியமிக்கப்பட்ட வில்லியம் கேர் என்பவர், அதற்குமுன் கன்டன் நகரத்தில் பல ஆண்டு தங்கி அரிய செடிகளைச் சேகரித்து அனுப்பிவந்தவர். தோட்டம் என்றால் சீனம் என்று அவர்கள் மனத்தில் பதிந்திருந்தது.

என் அபிப்பிராயம் இந்த மூன்றாவது வழியைச் சார்ந்தது என்பதை வாசகர் ஊகித்திருப்பர். ஆயினும் அதனோடு ஒரு சிறு திருத்தத்தையும் சேர்த்துக்கொள்ள விரும்புகிறேன். அக்காலத்து ஆங்கில மாலுமிகள் கன்டன் துறைக்குத் தேயிலை ஏற்றப்போகும் கம்பெனிக் கப்பல்களையே சீனக் கப்பல்கள் என்று அழைத்துவந்தனர். ஐப்பசி தொடங்கித் தை வரை சோழமண்டலக் கரையிற் புயல் வீசும் மாதங்களில், சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பல் ஒதுங்க ஒரு துறையும் இல்லாதிருந்தபோது, வங்கக் கடலின் மேற்குக் கரை முழுவதற்கும் புகலிடமாயிருந்தது திருகோணமலை ஒன்றே. அதற்காகவே 1782 என்னும் ஒரே ஆண்டில் ஜனவரியில் ஆங்கிலேய ஹியூசும் ஆகஸ்டில் பிரெஞ்சுக்காரன் சுஃப்ரனும் அதை அடுத்தடுத்துக் கைப்பற்றினர். இத்தகைய துறையில் சீனம் போகும் கப்பலும், சீனத்திலிருந்து வந்த தோட்டக்காரனும், சீனத்துப் பட்டும் பீங்கானும் ஆகிய எல்லாவற்றுக்கும் இடமுண்டு. படம் எழுதிய கடற்படை அதிகாரி ஒரு குடாவை மலாயருக்கும் இன்னொன்றை ஒல்லாந்தருக்கும் எழுதிவைத்தபின், மூன்றாவதைச் சீனருக்கு எழுதினான் எனில் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. சாம்ராச்சியக் கற்பனைகளைவிட இந்தச் சில்லறைக் காரணங்களே இடப்பெயர்களைப் பெரும்பாலும் உண்டாக்குகின்றன.

முன்பு விட்டுவைத்த கேள்விக்கு இப்போது திரும்புவோம். ஊரார் தம் பழம்பெயரை மறந்திருப்பார்களா? இன்று சீனன்குடா என்று நாம் அறிகிற ஊர், தம்பலகாமத்தைப் போலவோ கொட்டியாரத்தைப் போலவோ வயலும் குளமும் கோயில் மானியமும் சூழ்ந்து வளர்ந்த பழங்குடி ஊரன்று. அதை உண்டாக்கியவை மூன்று: எண்ணெய், இருப்புப்பாதை, ஆகாயவிமானம். மூன்றும் இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் கால்பகுதியை ஒட்டி வந்தவை. பெயர்தான் முதலில் வந்தது. ஊர் பின்னர் வந்தது. படத்திலும் அதன்பின் புகையிரத நிலையப் பலகையிலும் எழுதியிருந்த பெயரை, வேலைதேடி நாற்றிசையிலிருந்தும் வந்த கூலியாட்களும் கங்காணிகளும் எழுத்தர்களும் அப்படியே ஏற்றுக்கொண்டனர். அவர்களுக்கு மறப்பதற்கு ஒரு பழம்பெயர் இருந்ததேயில்லை. சைக்கிளின் பின்னால் துணிமூட்டையைக் கட்டிக்கொண்டு ஊரூராகப் போன சீன வியாபாரியையும், சந்தைக்கருகே பல் கட்டிய சீன வைத்தியரையும் இலங்கையின் சிறுபட்டணங்கள் கண்டதும் ஏறக்குறைய இக்காலத்தில்தான். ஆதலால் அப்பெயர் அவர்கள் செவிக்கு அந்நியமாகவும் படவில்லை. சீனியும் சீனவெடியும் வீட்டில் இருக்கும்போது சீனன்குடா ஊரில் இருப்பதில் என்ன வியப்பு?

இனி அந்த ஊரின் பிறப்பைப் பார்ப்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் ஆங்கிலேயக் கடற்படையின் கீழ்த்திசைத் தளமாக விளங்கிய திருகோணமலை, 1905 ஆம் ஆண்டளவில், கடற்படையைத் தாய்நாட்டுக்கு அண்மையில் திரட்டவேண்டும் என்ற ஃபிஷர் பிரபுவின் கொள்கையினால் கைவிடப்பட்டது, பட்டறைகள் மூடப்பட்டன, பட்டணம் மங்கிற்று. அதை மீண்டும் எழுப்பியது எண்ணெய். நிலக்கரியில் ஓடிய போர்க்கப்பல்களை எண்ணெய்க்கு மாற்றும் வேலை முதல் மகாயுத்தத்துக்குச் சற்றுமுன் தொடங்கிற்று. யுத்தத்தின்பின், 1921 இல் சிங்கப்பூரில் பெருந்தளம் அமைப்பதென்று இலண்டனில் தீர்மானமாயிற்று. இங்கிலாந்திலிருந்து சிங்கப்பூர் செல்லும் படைக்கு வழியில் எண்ணெய் வேண்டும். அதைச் சேமிக்கத் திருகோணமலையைவிடப் பாதுகாப்பான இடம் வேறில்லை. சீனன்குடாக் காட்டுக்குள்ளே 1920களிலும் 30களிலும் எழுந்த எண்ணெய்த் தாங்கிகள் 101. ஒவ்வொன்றும் 10,000 தொன்னுக்கு மேற்பட்ட எண்ணெய் கொள்ளத்தக்கது. எல்லாம் சேர்ந்தால் ஏறக்குறைய பத்து லட்சம் தொன். ஒன்றில் தீப்பற்றினாலும் குண்டு விழுந்தாலும் அடுத்தது தப்பும்படி, மரங்களின் மறைவில் வெகுதூரம் பரவலாக அவை அமைக்கப்பட்டன. கடலுக்கு அண்மையிலுள்ள சிறு தொகுதி கீழ்த்தொகுதி என்றும், உள்ளே காட்டில் மேட்டுநிலத்தில் விரிந்துகிடக்கும் பெருந்தொகுதி மேல்தொகுதி என்றும் வழங்கும். பாதையோரத்தில் நின்று பார்த்தால் மரங்களே தெரியும். சில அடி உட்புகுந்தால் திடீரென்று வட்டமான உருக்குச் சுவர் முகத்துக்கு நேரே எழுந்துநிற்கும், கொடி படர்ந்து, துருப்பிடித்து, இரும்புத் தகடுகளின் பொருத்துக்கள் வரிசை வரிசையாகத் தெரிய. யானையும் மானும் நடமாடும் காட்டில் இவ்வளவு இரும்பை எத்தனை பேர் சுமந்து வைத்தார்கள் என்ற நினைவு யாருக்கும் எழாமற் போகாது.

இருப்புப்பாதை 1927 இல் வந்தது. கல்லோயாச் சந்தியிற் பிரிந்து, கந்தளாயையும் தம்பலகாமத்து வயல்களையும் கடந்து, குடாவின் நீர்ப்பரப்பை ஒட்டி வளைந்து, சீனன்குடாவில் நின்று, பின் திருகோணமலையை அடைகிறது அது. ஆகாயப்படைத் தளமும் அதையடுத்தே வளர்ந்தது.

பதினைந்து ஆண்டுகள் கழிந்தன. 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. எந்தப் படைக்கு எண்ணெய் கொடுக்கச் சீனன்குடா அமைந்ததோ அந்தப் படைக்குப் போகவேண்டிய இடமே இல்லாது போயிற்று. ஏப்ரல் 5 ஆந் தேதி கொழும்பின்மேல் குண்டு பொழிந்த ஜப்பானியத் தளபதி நாகுமோவின் விமானங்கள், 9 ஆந் தேதி காலையில் திருகோணமலையின் வானத்தில் தோன்றின. சீனன்குடாவிலிருந்து 261 ஆவது பிரிவின் ஹரிக்கேன் விமானங்கள் எழுந்து எதிர்த்தன. எதிரிகள் தொகையில் மிக அதிகம். விமானத் தளமும் கடற்படைப் பட்டறைகளும் சேதமுற்றன. சகைங் என்னும் சரக்குக் கப்பல் துறைமுகத்திலேயே தீப்பற்றிற்று. முதல்நாள் இரவே துறைமுகத்தை விட்டு வெளியேறும்படி கப்பல்களுக்கு ஆணை பிறந்திருந்ததனால் பேரழிவு தவிர்ந்தது. ஆனால் அவ்வாறு வெளியேறிய ஹெர்மஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் கண்டுபிடிக்கப்பட்டுச் சில நிமிஷங்களில் மூழ்கிற்று. மாண்டவர் 300க்கு மேல். அன்றைய தினம் ஒரு ஜப்பானிய விமானம் எண்ணெய்த் தாங்கி ஒன்றின்மேல் வந்து மோதியது. தாங்கி நாட்கணக்கில் எரிந்தது. உருகி மடிந்து தரையோடு தரையாகச் சரிந்த அதன் இரும்புச் சுவரை இன்றும் காணலாம், மற்றொரு தாங்கி பின்னாளில் அழிந்தது, எஞ்சியவை 99.

ஆங்கிலேயர் தம் பெரும்படையை 1944 இல் மீண்டும் திருகோணமலைக்குக் கொண்டுவந்து சுமாத்திராவின் சபாங் துறைமுகத்தைத் தாக்கினர் என்பதையும், யுத்தம் முடிந்து இலங்கை 1948 இல் சுதந்திரம் பெற்ற பின்னும் 1947 ஆம் ஆண்டுப் பாதுகாப்பு ஒப்பந்தத்தின்படி தளத்தை விட்டுப் போகவில்லை என்பதையும் சுருக்கமாகச் சொல்லிப் போகலாம். 1956 இல் பதவிக்கு வந்த பண்டாரநாயக்கா தளங்களைக் கேட்டார். 1957 அக்டோபர் 15 ஆந் தேதி திருகோணமலைக் கடற்படைத் தளம் கையளிக்கப்பட்டது. சீனன்குடா விமானத் தளமும் இலங்கையின் வசமாயிற்று. அங்கே இன்று நடைபெறுவது இலங்கை விமானப்படையின் பயிற்சிக் கல்லூரி.

அந்நியன் போனான், பெயர் போகவில்லை. 1980 இல் சிங்கப்பூர்ப் பிரிமா நிறுவனத்தார் சீனன்குடாவில் ஆசியாவின் மாபெரும் கோதுமை ஆலைகளுள் ஒன்றை இயக்கத் தொடங்கினர். அந்நிறுவனத்தைத் தோற்றுவித்தவர் சீன வமிசத்தவர். எனவே நூற்றாண்டுகளாகத் தேடப்பட்ட சீனன் கடைசியில் கோதுமை அரைக்க வந்து சேர்ந்தான் என்று உள்ளூரார் யாரேனும் பரிகாசம் செய்தால் நாம் மறுக்கவேண்டியதில்லை. தாங்கிகளின் கதி வேறு. 1987 ஜூலை 29 இல் ராஜீவ் காந்தியும் ஜே. ஆர். ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தோடு மாற்றிக்கொண்ட கடிதங்களில், திருகோணமலைத் துறைமுகம் இந்தியாவின் நலனுக்கு மாறாக எந்த நாட்டின் இராணுவ உபயோகத்துக்கும் விடப்படாது என்றும், எண்ணெய்த் தாங்கிகளை இரு நாடும் கூட்டாகப் புனருத்தாரணம் செய்யும் என்றும் எழுதப்பட்டது. அதன்பின் 2003 இல் 99 தாங்கிகளும் 35 ஆண்டுக் குத்தகைக்கு லங்கா ஐ.ஓ.சி.க்கு விடப்பட்டன; அவற்றுட் கீழ்த்தொகுதியே உபயோகத்துக்கு வந்தது, மேல்தொகுதி காட்டுக்கே விடப்பட்டது. பின்னர் 2022 ஜனவரியில் கணக்கு மாற்றி எழுதப்பட்டது: 14 தாங்கிகள் லங்கா ஐ.ஓ.சி.க்கு, 24 இலங்கைப் பெட்ரோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இருவரும் கூடி அமைத்த கம்பெனிக்கு. அதில் இலங்கைக்கு நூற்றுக்கு 51 பங்கு, இந்தியக் கம்பெனிக்கு 49.

அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை 2017 இல் சீனக் கம்பெனி 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த நாள்முதல், சீனன்குடா என்னும் பெயரை எடுத்துக்காட்டிச் செங் ஹோவின் உரிமையைப் பேசுவோரும், சின்னக்குடாவே சரி என்று அதை மறுப்போரும், பழம்பெயரின் வழக்கை இன்றைய இராஜதந்திர வழக்காக மாற்றிவிட்டனர். இரு கட்சியாரும் பார்க்க மறந்தது ஒன்றுண்டு. சீனன் பெயர் தாங்கிய அந்தக் குடாவிலே, ஆங்கிலேயன் உண்டாக்கிய இரும்புக் குதங்களுக்கு, இந்தியன் வாடகை கொடுத்துக்கொண்டிருக்கிறான். சீனனுக்கு அதில் ஒரு தாங்கியும் இல்லை. அக்காட்டுக்குள் எஞ்சிக்கிடக்கும் மேல்தொகுதியின் புனருத்தாரணமும், அதைச் சுற்றிய நிலங்களில் இன்று எழுந்துள்ள குடியானவரின் வழக்குகளும் அடுத்த அத்தியாயத்திற்குரிய விஷயம்.